ஒரு தப்புக்கு ஒரு புள்ளி

“கேள்வி தப்பாம். பத்து வயசுப் பிள்ளை எங்களுக்குப் பாடம் எடுக்குது. இதுக்குப் புள்ளி கேட்டு நீங்களும் வந்திருக்கிறியள், டீச்சர்.”

தாள் திருத்தும் மண்டபத்தில், தம்பிராசா சேர் விடைத்தாளை இராஜகுமாரியின் பக்கம் திருப்பி வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு வந்து தலை நரைத்தும் அவருடைய பேச்சு மட்டும் மலையேறவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு முன்னோட்டமாக நடந்த மாதிரிப் பரீட்சையின் தாள்களைத் திருத்துகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். நேர்மையான மனிதர். அதுதான் சிக்கலே.

‘அதிகாலையில் உங்களைத் துயிலெழுப்புவது எது?’ என்பது கேள்வி. விடைக்குறிப்பில் ‘சேவல்’ என்றிருந்தது. நிலக்ஷி குண்டுகுண்டான எழுத்தில் ‘தப்பு’ என்று எழுதியிருந்தாள். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு அடித்திருந்தது.

அந்த ஒரு புள்ளிதான் இராஜகுமாரியை பஸ் ஏறி வரவைத்தது. இந்தப் பரீட்சையில் முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு ஹட்டனில் இலவசமாக விசேஷ வகுப்பு நடக்கும். நோர்வூட்டுக்கு மேலே அவள் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட இதுவரை அந்த வகுப்பின் வாசலை மிதித்ததில்லை. நிலக்ஷி கதவைத் தொட்டுவிட்டாள். ஒரே ஒரு புள்ளி குறைகிறது. டவுன் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டிலிருந்தே டியூஷனுக்குப் போய் விடைக்குறிப்பைக் கரைத்துக் குடித்தவர்கள். நிலக்ஷிக்குக் கிடைத்த டியூஷனெல்லாம் இடைவேளையில் இராஜகுமாரி சொல்லிக் கொடுத்ததுதான்.

தாளை இன்னொரு தரம் பார்த்தாள். சட்டென்று புரிந்தது. இந்தப் பிள்ளைக்கு இருக்கிற மூளைக்கு முத்தமே கொடுக்கலாம் என்று தோன்றியது.

“சேர், புள்ள கேள்வியக் குத்தம் சொல்லலைங்க. அதுதான் பதிலே. தப்புன்னா மேளம். விடியமுந்தி லயத்துக்கு லயம் அதை அடிச்சுத்தான் ஆளுகள பெரட்டுக்கு எழுப்புவாங்க.”

பொகவந்தலாவைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு லயம் ஒன்றில் பிறந்தவள் அவள். அந்தச் சத்தத்துக்கு அம்மா துள்ளி எழுந்து, வேலைக்குப் பெயர் கொடுக்க இருட்டிலேயே பெரட்டுக் களத்துக்கு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள். சேவலை அவள் பெரும்பாலும் குழம்பில்தான் சந்தித்திருக்கிறாள்.

தம்பிராசா அசைந்துகொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே விடை, அதுதான் நியாயம் என்றார். ஊருக்கொரு விடை என்று போனால் பரீட்சை எதற்கு என்றார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “தப்பு எனக்கும் தெரியும், டீச்சர். எங்கட ஊரிலை செத்தவீட்டுக்கு அடிக்கிறவை. அதைக் கேட்டு ஆரும் எழும்பினதை நான் காணேல்லை” என்றார்.

பக்கத்து மேசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். இராஜகுமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாருக்கும் ஒரே அளவுச் சப்பாத்தக் குடுத்துட்டு, காலைக் கடிச்சா ஒனக்கு நடக்கத் தெரியலன்னு சொன்னா எப்படிங்க, சேர்? அது என்ன நியாயம்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அவருடைய மேசையில் அடிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு விட்டுவிட்டு, பிறகு நாலு வீட்டுக் கதவு அதிர்கிற மாதிரி. தேத்தண்ணிக் கோப்பை தட்டில் ஆடியது. தாள்களை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்த பாதிப்பேர் தலையை நிமிர்த்தினார்கள். பின்வரிசையில் மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கண் சொருகியிருந்த ஜீவராணி டீச்சர் திடுக்கிட்டு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சா?” என்று கேட்டுவிட்டு அசடு வழிந்தார்.

மண்டபமே சிரித்தது. தம்பிராசாவும் சிரித்துவிட்டார். அந்த மண்டபத்தில் எத்தனை பேர் லயத்திலிருந்து வந்தவர்கள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சிவப்புக் கோட்டின் மேல் சரி போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். விடைக்குறிப்பிலும் தன் கையாலேயே ‘தப்பும் சரி’ என்று எழுதினார். எழுதிவிட்டு அதைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது இராஜகுமாரிக்கு இருக்கை கிடைக்கவில்லை. ஆனாலும் சிம்மாசனத்தில் போகிறவள் மாதிரிதான் நின்றுகொண்டு போனாள்.

மறுநாள் முதல் மணி அடித்ததும் நிலக்ஷியை அழைத்து, விசேஷ வகுப்பில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னாள். அந்த ஒரு புள்ளிக்காகத் தான் மேளம் அடித்த கதையையும் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். பிள்ளையின் கண்ணில் சந்தோஷம் வந்தது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது.

“தப்புன்னா மேளமா, டீச்சர்? எங்க தோட்டத்துல அதைக் காமன் கூத்துக்கு மட்டுந்தானே அடிப்பாங்க?”

“அப்ப நீ எத நெனச்சு எழுதின?”

“எங்கள எழுப்புறது அம்மா, டீச்சர். அம்மாவப் போய் ‘எது’ன்னு கேட்டிருந்தாங்க. ஆளுன்னா ‘யாரு’ன்னுதான் கேக்கணும்னு நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க? அதான் கேள்வி தப்புன்னு எழுதினேன்.”