ஆற்றுக்கு முதுகு காட்டும் சிலை

“மாமா, உள்ள என்னதான் பண்றீங்க? தண்ணி விழற சத்தமே இல்லையே!”

மருமகள் குளியலறைக் கதவைத் தட்டுவது இது நான்காவது தடவை. வாசலில் நகராட்சி ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. வெற்றி தின விழா தொடங்க இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

“வயிறு சரியில்லம்மா. நீ போயிட்டு வா.”

“காலையில ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வயிறுதானே? அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். வெளிய வாங்க.”

அவள் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். விழா ஏற்பாடு முழுக்க அவள் தலையில்தான் விழுந்திருந்தது. போரில் பாலத்தைக் காத்த கேப்டன் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். இந்த வருடம்தான் முதல்முறையாக வருகிறார். அழைப்புக்கு எழுதிய பதிலில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். சண்டை நடந்த இரவு தலைமையகத்திலிருந்து தனக்கான கடிதத்தோடு மோட்டார் சைக்கிளில் அனுப்பப்பட்ட வீரர் உயிரோடு இருந்தால் பார்க்க வேண்டும்.

“அது எங்க மாமாதான்!” என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தாள் மருமகள்.

“அவர் மூஞ்சியில முழிக்க முடியாதும்மா,” என்றது உள்ளேயிருந்த குரல்.

“ஏன்?”

“அந்தக் கடிதத்தை நான் அவர்கிட்ட குடுக்கவே இல்ல.”

மீதிக் கதை கதவிடுக்கு வழியாகவே வந்தது. கேப்டனிடம் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆற்றுக்கு அக்கரையில் ஆயிரம் பேர். ‘பாலத்தை விட்டு உடனே பின்வாங்கவும்’ என்ற உத்தரவு விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

“வண்டி மக்கர் பண்ணிடுச்சா?”

“வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. வழிகாட்டிப் பலகையைப் பார்த்துத் திரும்பினேன். விடியவிடிய ஓட்டிக் கடற்கரைக்குப் போயிட்டேன்.”

“பலகை தப்பா இருந்துச்சா?”

“எதிரி வந்தா குழம்பட்டும்னு முந்தின நாள் எல்லாப் பலகையும் திருப்பி வச்சிருந்துச்சு.”

“யாரு வச்சது?”

“நான்தான்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருந்தவர் சிரிக்கவில்லை.

“அவங்க நகராம நின்னதைப் பார்த்து, பின்னால பெரிய படை நிக்குதுன்னு நினைச்சு எதிரி திரும்பிட்டான். ஜெயிச்சுட்டோம்னதும் கடிதத்தை யாரும் கேட்கல. ஆனா கேப்டனோட இடது கால் அந்த ராத்திரிதான் போச்சு. கடிதம் போயிருந்தா ரெண்டு காலோட வீட்டுக்குப் போயிருப்பாரு. இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் தேடறது எதுக்கு? நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்கத்தான்.”

போரிலிருந்து திரும்பித் தபால்காரரானவர் அவர். முப்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட மறுநாளைக்கு வைத்ததில்லை. புயலடித்த அன்றும் முழங்கால் தண்ணீரில் போய்க் கொடுத்திருக்கிறார். அதற்குக் காரணம் மருமகளுக்கு இப்போதுதான் விளங்கியது.

“அந்தக் கடிதம் எங்க இருக்கு?”

“சட்டைப் பையில.”

“ஐம்பத்தாறு வருஷமாவா?”

“சட்டையை மாத்துவேன்ல!”

“அப்ப இன்னிக்கு அதையும் பட்டுவாடா பண்ணிடுங்க. திட்டினா வாங்கிக்கலாம். நீங்க வரலைன்னா அந்த மனுஷன் ஒத்தக் காலோட இங்க வந்து இதே கதவைத் தட்டுவாரு. பரவாயில்லையா?”

தாழ்ப்பாள் விலகியது.

ஜீப் பாலத்தை நெருங்கியது. பாலத்தின் முனையில் கேப்டனின் வெண்கலச் சிலை. புருவத்துக்கு மேல் கையைக் குவித்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வரும் ரோட்டை உற்றுப் பார்த்தபடி நின்றது.

“எதிரி ஆத்துக்கு அந்தப் பக்கம். இவர் பார்க்கிறது பஸ் ஸ்டாண்டை,” என்றார் ஓட்டுநர். “நகராட்சிக்காரங்க சிலை வச்சா சும்மாவா!”

“எங்க மேல தப்பில்லண்ணே. சண்டைக்கு முந்தின சாயங்காலம் எடுத்த போட்டோவுல அப்படித்தான் நிக்கிறாரு. சிற்பி மாத்தவே மாட்டேன்னுட்டாரு,” என்றாள் மருமகள், நூறாவது முறையாக.

மாமனார் சிலையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருந்தது.

மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்திருந்தார். “உயிரே போனாலும் ஓரடி பின்வாங்க மாட்டோம் என்று விடிய விடிய நின்ற சிங்கங்கள்!” கைதட்டல் ஆற்றின் அக்கரை வரை போய்த் திரும்பியது.

மேடை ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார் கேப்டன். மாமனார் அவர் முன்னால் போய் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பழுப்பேறிய உறையை நீட்டினார்.

“கொஞ்சம் லேட்டாயிடுச்சு, சார்.”

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார். படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

அழுகிறாரோ என்று பதறிக் குனிந்தார் மாமனார். கேப்டன் அவர் காலரைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். கண்ணில் நீர் முட்ட, சிரிப்பை அடக்க முடியாமல், அமைச்சர் காதில் விழாதபடி சொன்னார்.

“அடப்பாவி, இதுக்காகத்தானேய்யா ராத்திரி பூரா அந்த ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம்!”