கெட்ட புருஷன் பாட்டு

"அந்தப் பாட்டு இனி மேடை ஏறாதுன்னா ஏறாது."

"ஏறியே தீரும்."

ஓபல் வீட்டில் சண்டை. பக்கத்து வீட்டு நெல்டா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டாள். ஓபல் எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தானே ரெக்கார்டு போட்டு, டெக்ஸாஸ் நடனக் கூடங்களில் பழைய பாணி கன்ட்ரி பாட்டு, அதாவது குடியும் துரோகமும் பிரிவுமாய் அழவைக்கும் அமெரிக்க கிராமியப் பாட்டு, பாடுகிறவள். அவளது புதுப் பாட்டில் புருஷன் குடிக்கிறான், ஹோட்டலில் பரிமாறுகிறவளோடு ஓடுகிறான். அவள் புருஷன் டெல்பர்ட் பார்க்கச் சாதுதான். ஆனால் பாட்டு பொய் சொல்லுமா? ஊர் அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டது.

ஆறுதல் சொல்லும் சாக்கில் நெல்டா பீச் பழக் கேக்கோடு உள்ளே நுழைந்தாள். ஓபல் அழுதுகொண்டிருந்தாள்.

"இப்படிப்பட்டவன விட்டுத் தள்ளு, கண்ணு."

"அவர விட்டா எனக்குப் பாட்டு யார் எழுதுவா, நெல்டாக்கா? மனுஷன் அந்த ஹோட்டல் பக்கமே போனதில்ல, எல்லாம் கற்பனை. ஊரு இவரத் திட்டுறது பொறுக்காம, இனி பாட மாட்டேன்னேன். அதுக்குத்தான் குதிக்கிறாரு."

"திட்டட்டுமே," என்றான் டெல்பர்ட், கேக்கை வெட்டியபடி. "பொண்டாட்டிய நல்லா வச்சுக்கிறவனப் பத்தி எவன் கன்ட்ரி பாட்டு கேப்பான்?"

நெல்டாவின் வாயில் இது தங்குமா? சனிக்கிழமை ஓபல் அதே பாட்டை உருகி உருகிப் பாட, உண்மை தெரிந்துவிட்ட ஜனம் டெல்பர்ட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது.

மறு மாதமே இருவரும் கன்ட்ரி பாட்டின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் குடிபோய்விட்டார்கள். டெல்பர்ட் எவ்வளவு நல்லவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பாட்டைக் கேட்டு எல்லோரும் அழுகிறார்களாம்.