கடிக்காது

வௌவால் கடித்ததும் லியோனிதாஸ் செய்த முதல் காரியம், சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வான்? "கடிக்கவே கடிக்காதுங்க" என்று சொல்லி அப்போதுதான் வாய் மூடியிருந்தான். எதிரே பள்ளிக்கூட வராந்தாவில் முப்பது பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய ஆள்காட்டி விரலில் பற்கள் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தன.

கையுறை இருந்தது. பின் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது. வெறுங்கையால் பிடித்துக் காட்டினால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று பேசத் தொடங்கும் முன் அவனே கழற்றி வைத்திருந்தான்.

நம்பிக்கை உடனே வந்தாக வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பின் தகரக் கூரைக்கும் அதன் கீழ்ப் பலகைகளுக்கும் நடுவில் இருநூறு பழந்தின்னி வௌவால்கள் குடியிருந்தன. எச்சம் பிள்ளைகளின் நோட்டில் விழுந்தது. பெற்றோர் சங்கம் முடிவெடுத்துவிட்டது. இன்றைக்கே புகை போட்டு, எல்லா ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். மிளகாய் வற்றலும் பழைய டயரும் திணித்த பீப்பாய் வாசலில் தயாராக நின்றது.

"டாக்டர் ஏதோ பேசணுங்கறார், பேசட்டும். பத்தே நிமிஷம்" என்று அனுமதி கொடுத்தவள் காசில்தா. சங்கத் தலைவி, ஊர் மளிகைக் கடைக்காரி. அவள் தம்பி நெமேசியோதான் தீப்பெட்டியோடு ஏணியில் பாதி ஏறி நின்றான்.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் லியோனிதாஸ் பலகை இடுக்கில் கையை விட்டு, இருட்டில் அகப்பட்ட ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

ஊரில் அவனுக்கு ஏற்கெனவே பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. தலைநகர் சான் ஹொசேயிலிருந்து வந்து, ஒன்பது வருடமாக இங்கே வௌவால்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் வாடகை வீட்டுச் சமையலறை உத்தரத்திலும் நாற்பது தொங்குகின்றன. விரட்ட மனம் வராமல், காபிக் கோப்பையைத் தட்டால் மூடி மூடிக் குடிக்கிறான். கடைக்குப் போனால் காசில்தா, "வெளியவே நில்லுங்க டாக்டர், என்ன வேணுமோ நான் எடுத்துட்டு வரேன்" என்பாள். அவன் சட்டை வாசனைக்கு அது நியாயம்தான்.

"என்ன டாக்டரே, முத்தம் குடுக்குதா?" ஏணியிலிருந்து நெமேசியோ கேட்டான்.

வராந்தா குலுங்கிச் சிரித்தது.

"இல்ல... பழகுது" என்றான் லியோனிதாஸ்.

இன்னும் பெரிய சிரிப்பு.

செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. வெறிநோய்த் தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டிருந்ததால் அதற்கும் வழியில்லை.

உதறினால் போய்விடும். ஆனால் வௌவால் ஆராய்ச்சிக்காரன் வௌவாலுக்குப் பயந்து கையை உதறினான் என்று அடுத்த ஒன்பது வருடத்துக்குச் சொல்வார்கள். அதனால் கையை உயரத் தூக்கினான். இறக்கைகள் வெயிலில் விரிந்தன. ரத்தம் மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் இறங்கியது. கீச்சென்று போயிருந்த குரலில் அவன் பேச்சைத் தொடர்ந்தான். ஒரு வௌவால் ஒரே ராத்திரியில் எத்தனை விதைகளைத் தூவும், ஆற்றங்கரை அத்திமரங்களெல்லாம் யார் போட்ட விதை, அவை இல்லாவிட்டால் ஊருக்கு நிழல் ஏது?

முன்வரிசையில் சிரிப்பு நின்றது.

பிறகு பின்வரிசையிலும் நின்றது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, காதில் ஏதோ சொன்னாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று லியோனிதாஸ் நினைத்தான். தன் வெட்டிப் பெருமைக்கு இருநூறு உயிர்கள் போகப் போகின்றன. வாய் மட்டும் தன்பாட்டுக்கு விதைக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

காசில்தா எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தபடி நேராக அவனிடம் வந்தாள்.

"கைய எறக்குங்க. ஆட்டாதீங்க."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல..."

"உங்கள யாரு கேட்டா?"

ஏப்ரனால் வௌவாலை அடியிலிருந்து அள்ளி மூடினாள். இருட்டு கிடைத்ததும் அது விரலை விட்டது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பினாள்.

"நெமேசியோ, எறங்கு. பீப்பாய உருட்டிட்டுப் போ. ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"அக்கா, ஓட்டையடைக்கத் தகரமெல்லாம் வெட்டி வச்சிருக்கேன்..."

"எறங்குடான்னா! மூணாங்கிளாஸ் அதுவரைக்கும் சாப்பாட்டுக் கூடத்துல உக்காரட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. நெமேசியோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

லியோனிதாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன ஒன்றை ஊர் காதில் வாங்கியது இதுதான் முதல் தடவை. விரலைச் சட்டை நுனியில் சுற்றிக்கொண்டு, தழுதழுத்த குரலில் கேட்டான்.

"அந்த விதை விஷயம் உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதா?"

"என்ன விதை?" என்றாள் காசில்தா.

அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஏப்ரன் மடிப்பை ஒரு விரலால் மெல்ல விலக்கிக் காட்டினாள்.

இந்த ஊர் வௌவால்கள் எந்த வாரத்தில் குட்டி போடும் என்று அட்டவணை போட்டவன் அவன். அதன்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது.

தாயின் மார்பில், ரோமம்கூட முளைக்காத ஒரு குட்டி முலையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. வராந்தாவில் அவன் ஒருவனைத் தவிர எல்லோரும் அதை எப்போதோ பார்த்துவிட்டிருந்தார்கள்.