குடை சுமந்த நாற்காலி

அற்புதமேரி டீச்சர் இறந்துபோன செய்தி வந்ததும், ஐந்தாம் வகுப்பில் இருந்த பொருள்களெல்லாம் கூடி இரங்கல் கூட்டம் போட்டன. கரும்பலகை தலைமை தாங்கியது.

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே பாடம் நடத்தின அவங்க கையிலயே தேய்ஞ்சவன் நான்" என்று டஸ்டர் இருமி இருமி அழுதது.

நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருடா, தூசி மூட்டை! டீச்சர் வேலைக்கு வந்த நாள்லேருந்து அவங்க குடையைச் சுமந்தவன் நான். ஒருநாளாவது கீழே போட்டிருப்பேனா?"

இப்படிப் பெருமை பேசினாலும் நாற்காலிக்கு உள்ளூர ஒரு பயம். புது டீச்சர் குடை கொண்டுவராவிட்டால் தன் பிழைப்பு என்னாவது?

திங்கட்கிழமை புது டீச்சர் குடையோடுதான் வந்தார். நாற்காலி பெருமையாக நிமிர்ந்து நின்றது. அவரோ குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயையோ, டீச்சர் என் மேல விழுந்துட்டாங்க! தூக்குங்கடா!" என்று நாற்காலி அலறியது.

"விழலப்பா, உட்கார்ந்திருக்காங்க. நாற்காலி இருக்கிறதே அதுக்குத்தான்" என்றது கரும்பலகை.

நாற்காலி கிரீச்சென்று விம்மியது.

"இத்தனை வருஷம் எல்லாருக்கும் எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்களே, எனக்கு இதை மட்டும் சொல்லாமலே போயிட்டாங்களே!"