நூற்றுக்கு இருநூறு

வில்லாபுரம் வீட்டில் இருந்தபடியே பாண்டிமீனா ஒரு செயலிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அவரவர் கணித்து, அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று குறித்துவைக்கும் செயலி அது. பூஜ்யத்திலிருந்து நூறு வரையான எண்ணை மட்டுமே ஏற்கும்படி அமைத்திருந்தாள்.

மாட்டுத்தாவணியில் செல்போன் கடை வைத்திருக்கும் கணவனை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். 'முத்துக்குமரன் சாயங்காலம் வீட்டுக்கு வருவார்' என்று எழுதி, நூறு என்று போட்டாள். இருநூறு என்று பதிவானது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே இருநூறு. கூட வேலை பார்க்கும் தமிழ்மாறனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நூத்துக்கு மேல எப்படிண்ணே ஏறுது?"

"ஏறாதும்மா. அம்புட்டையும் நானே சரிபார்த்தேன். ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பாரு."

அணைத்துப் போட்டும் எண் மாறவில்லை. ஒன்றும் புரியாமல் அவள் உட்கார்ந்திருந்தபோது முத்துக்குமரன் வந்தான். கடையில் ஒரே புழுக்கம் என்று சொல்லிவிட்டு நேராகக் குளிக்கப் போனான். அவள் டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

பால் பொங்குவதற்குள் கேட் மறுபடி திறந்தது. வாசலில் முத்துக்குமரன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதே நீலச் சட்டை, தோளில் அதே பை.

"என்ன மீனா, இப்படிப் பாக்குற? கடையில ஒரே புழுக்கம். குளிச்சிட்டு வாரேன்."

அவள் குளியலறைப் பக்கம் திரும்பினாள். அதற்குள் குளியலறைக் கதவு லேசாகத் திறந்து, ஈரக் கை ஒன்று வெளியே நீண்டது.

"மீனா, துண்டை எடு."

வாசலில் நின்றவன் உள்ளே வந்து, கொடியில் கிடந்த துண்டை உருவி அந்தக் கையில் கொடுத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்தான்.