ஒரே தப்பு

டீச்சர் டெஸ்ட் பேப்பர்களை வாங்கிக்கொண்டே நெருங்கிவிட்டார். பக்கத்திலிருந்த எஸ்தரைப் பார்த்துப் பரபரவென்று பென்சிலால் எழுதினாள் ரிஸ்வானா: 'மூன்று கோணங்களும் சமம். எனவே இரு முக்கோணங்களும் சர்வசமம்.'

டீச்சர் இரண்டையும் பிடுங்கினார். "கோணம் மட்டும் போதுமா? ஒரு பக்கமாவது சமமா இருக்க வேணாமா? ஒரே தப்புன்னா ரெண்டு பேரும் வெளியேதான், தெரியும்ல? போங்க!"

வராந்தாவில் எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். "காப்பியடிக்க இந்த கிளாஸ்ல நான்தானாடி உனக்குக் கிடைச்சேன்?"

இந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு ரிஸ்வானாவிடம் ஒருத்தி பேசிய முதல் வார்த்தை அது. "வேற யாரையும் எனக்குத் தெரியாதே!" என்று சிரித்தாள்.

எஸ்தரும் சிரித்துவிட்டாள்.

ரிஸ்வானா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முதலில் அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். எஸ்தரின் தப்பைப் பார்த்த பிறகுதான் அழித்தாள்.