அரைப்பேர்

தோரணத்தின் அடியில் "சர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

"யாருப்பா இந்த சர்? நம்ம அதிபர் சேரா?" என்று கேட்டார் ஜீவராணி டீச்சர்.

மூன்றாம் வகுப்பே சிரித்தது. சர்மிளா எழுந்து நின்றாள்.

"முழுப் பேரு எழுதத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன?"



அது திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் செயற்பாட்டு வாரம். தினமும் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைச் செய்து, அடியில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக்கு லீவு. தாய் தகப்பன்மார் வந்து, சுவரில் இருப்பவற்றைப் பார்ப்பார்கள்.

சர்மிளாவின் தோரணம் பாதியில் நின்றது. செவ்வாயன்று செய்த களிமண் வீட்டுக்குக் கூரை இல்லை. புதனன்று இலை அச்சுப் பதித்த தாளில் பாதி வெள்ளை. இடைவேளை மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். எல்லாவற்றிலும் அதே "சர்".

வியாழக்கிழமை காலை, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மாவை டீச்சர் பள்ளி வாசலில் மடக்கினார்.

"புள்ளைய பாதியில கூப்பிட்டுக்கிட்டா எப்படிம்மா படிக்கும்?"

"என்னா செய்றது டீச்சர். கைப்புள்ளைங்கள பாத்துக்குற புள்ளைக்காம்பராவ பூட்டிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா இடைவேளை வரைக்குந்தான் கைப்புள்ளய பாத்துக்கும். அதுக்குப் பொறகு இவதான். போன வாரம் கைப்புள்ளைக்குக் காய்ச்சல்னு நான் வேலையில பாதியில எறங்கிட்டேன். பேரு போடுற கண்டாக்கையா அரைப்பேரு போட்டுட்டாரு. அரைநாள் சம்பளந்தான்."

"உங்க மகளுக்குப் பேரு எழுதக்கூட சோம்பேறித்தனம்."

அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம வருவேன் டீச்சர். அவ செஞ்சது ஒண்ணாச்சும் செவுத்துல இருக்கும்ல?"

"முழுப் பேரு எழுதினா இருக்கும்."

வெள்ளிக்கிழமை 'என் அம்மா' வரைந்தார்கள். இடைவேளை மணி அடித்தபோது சர்மிளாவின் தாளில் ஒரு தலையும் கூடையும் மட்டும் வந்திருந்தன. கீழே "சர்".

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் இடைவேளையோடு ஹட்டன் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மிச்ச நேரத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஒரு கண் வைத்துக்கொள்வார்.

"இந்தா பென்சில். மிச்சத்தையும் எழுது, இப்பவே ஒட்டிடுறேன்."

"வேணாம் டீச்சர்."

"அம்மா வந்து பாக்க வேணாமா?"

சர்மிளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாக்கணும்."

"அப்ப எழுதேன்டி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சர்மிளா பென்சிலைத் தொடவில்லை.

"நான் பாதி நேரந்தானே இருந்தேன் டீச்சர். எனக்கு அரைப்பேருதான். முழுப்பேரு போட்டா கள்ளப்பேரு ஆயிருமே."

சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது.

பள்ளி விடும் ஒன்றரை மணி வரை வேலை செய்ததாக வரவுப் பதிவேட்டில் காலையிலேயே முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்த ஜீவராணி டீச்சர், ஒட்டாத அந்தப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.